ஊசி போட்டு இளைக்கப் போகிறீர்களா?

 

காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் கடை அடைக்கும் வரை எழாத வியாபாரம் நமது. அதற்கு மேல் இரவில் பொரிச்ச பரோட்டா! மூச்சடக்கி முத்துக்குளித்த காயல் கரை மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. இந்த நேரம் பார்த்து, வாரம் ஒரு முறை போடும் இளைப்பு ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ, ஜூனில் வீகோவி.

இவை மோசடி அல்ல. குடலில் சுரக்கும் ஹார்மோனைப் போலச் செய்யப்பட்ட பெப்டைடுகள், அதாவது சிறு புரதத் துண்டுகள். பசியை அடக்கும்; சர்க்கரையையும் குறைக்கும். வீகோவியில் உள்ள செமாகுளுடைடை 68 வாரம் போட்டவர்களுக்குச் சராசரியாக 15 சதவீத எடை குறைந்ததாக 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. 'பன்றி கலந்ததா?' என்று சகோதரர்கள் கேட்பது நியாயமே. அந்தக் காலத்து இன்சுலின் பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது அல்லவா? செமாகுளுடைடு ஈஸ்ட்டின் துணையோடு தயாராகிறது. மவுஞ்சாரோவின் மருந்து ரசாயன முறையில்.

ஆனால் நிறுத்தினால்? இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பியது. மவுஞ்சாரோ அறிமுகமானபோது தொடக்க அளவு ஊசி ஒன்றின் விலை 3,500 ரூபாய், மாதம் நான்கு. வியாபாரிக்கு நாம் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குமட்டல், வாந்தி பலருக்கு. பித்தப்பைக் கல், கணைய அழற்சி சிலருக்கு. கொழுப்போடு தசையும் கரையும். இன்சுலினோ, சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ சேர்த்து எடுப்பவருக்கு நோன்பு நேரத்தில் சர்க்கரை திடீரென இறங்கலாம். ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

நாம் அஞ்சுவது வேறொன்று. வளைகுடாவிலிருந்து வருபவரின் பெட்டியில், பெர்ஃப்யூமோடும் பேரீச்சையோடும் இந்த ஊசியும் வந்தால்? பிரிக்காத ஊசி 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். விமானப் பெட்டியில் யார் பார்ப்பது? பிரேசில், பிரிட்டன், அமெரிக்காவில் போலி ஓசெம்பிக் பிடிபட்டதாக 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. அங்கேயே நுழைந்த போலி, கைமாறி வரும் பெட்டிக்குள் நுழையாதா?

செமாகுளுடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சோடு சரி. பல கம்பெனிகள் தயாரித்து விலை இறங்குவது ஏழை நோயாளிக்கு நல்லதே. ஆனால் கல்யாணத்துக்கு முன் தொப்பையைக் குறைக்க நினைக்கும் மாப்பிள்ளைக்கு விற்கும் சரக்கல்ல இது! உடல் பருமன் குறியீடு 30ஐத் தொட்டவருக்கும், 27ஐத் தொட்டு அதனால் வரும் நோயும் உள்ளவருக்குமே எடைக் குறைப்புக்கு அனுமதி. மருந்துக்கடை நடத்தும் சகோதரர்களே, டாக்டர் சீட்டில்லாமல் வருபவர் சொந்த மச்சானாக இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.