வேட்டைக் கப்பலுக்கு ஓர் இடம்

விசாகப்பட்டினம் போய் வந்த நண்பர்கள் எல்லாரும் குர்சுராவைப் பற்றியே பேசுகிறார்கள். பேசட்டும். 1969 முதல் 2001 வரை உழைத்த நீர்மூழ்கிக் கப்பலைக் கரையேற்றிக் காட்சிக்கு வைத்தது நல்ல காரியமே. அதனருகே நிற்கும் துபலேவ்-142 விமானமோ எனக்கு ஊர்க்காரன் மாதிரி. திருச்சானூரில் அறையெடுத்துப் பௌதிகம் படிக்கும் நான் அரக்கோணத்துப் பிள்ளை. அதன் நான்கு எஞ்சின்களின் முழக்கம் கேட்டு மொட்டைமாடிக்கு ஓடிய நாட்கள் பல. 2017-இல் எங்கள் ஊர் ராஜாளித் தளத்தில்தான் அது ஓய்வு பெற்றது.

ஒளிந்திருந்ததற்கு ஒரு காட்சிசாலை. வானிலிருந்து தேடியதற்கு ஒரு காட்சிசாலை. அலைமேல் நின்று தேடிய கப்பலுக்கு எங்கே ஐயா இடம்?

கில்தான் என்றொரு கப்பல் இருந்தது. சோவியத் நாட்டில் கட்டப்பட்டு, 1969-இல் நம் கடற்படையில் சேர்ந்தது. நீர்மூழ்கிகளைத் தேடி அழிப்பதே அதன் தொழில். 1971 டிசம்பர் 4 இரவு மூன்று ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கச் சென்றபோது, கச்சாலுடன் காவல் சென்றது இதுவே. தலைமை தாங்கிய கமாண்டர் கோபால் ராவ் மகாவீர சக்கரம் பெற்றார். 1987-இல் கப்பல் ஓய்வு பெற்றது. பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஐந்து நாள் கழித்து டையூ அருகே குக்ரி மூழ்கியது. அதுவும் நீர்மூழ்கி வேட்டைக் கப்பலே. அதை வீழ்த்திய ஹாங்கோர், பிரான்சில் கட்டிய நீர்மூழ்கி. நம்மவர் 194 பேர் மாண்டனர். டையூவில் நினைவிடம் உண்டு, தலைவணங்குகிறேன். ஹாங்கோரையும் கராச்சியில் காட்சிப்பொருளாக வைத்திருக்கிறார்கள். ஆக, மூழ்கினால் நினைவிடம், மூழ்கடித்தால் காட்சிசாலை. மூழ்காமல், கூட வந்தவரையும் மூழ்கவிடாமல் பதினெட்டு ஆண்டு உழைத்தால்?

அந்த உழைப்பு எளிதன்று. கடலின் மேல்நீர் சூடு, கீழ்நீர் குளிர். ஒலி குளிர்ந்த நீரை நோக்கி வளைவதால், கப்பல் அனுப்பும் ஒலி எட்டாத நிழற்பகுதி ஒன்று உண்டாகிறது. எதிரி அங்கே பதுங்குவான். காதில் கருவியை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒன்றுமே நடக்கவில்லையென்றால் அதுவே வெற்றி! அதை யார் படம் பிடிப்பார்?

2017-இல் புதிய கில்தான் வந்துவிட்டதே என்பர் சிலர். பேரனுக்குப் பாட்டன் பெயரை வைத்துவிட்டால் பாட்டனின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிடுவோமா?

முழுக் கப்பலையும் நிறுத்திவைக்கச் செலவாகும், அறிவேன். இனி ஓய்வு பெறும் வேட்டைக் கப்பலொன்றின் ஒலியறையை மட்டுமாவது பெயர்த்தெடுத்து வைக்கட்டும். மாணவர் காதில் மாட்டிக் கேட்கட்டும். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். எதிர்ப்பவர்கள் தாராளமாக எதிர்க்கலாம்.