12 ரூபாயா? அரை மணி நேரமா? டவுன் பஸ்சுக்கு காத்திருக்கும் பெண்கள் போடும் கணக்கு

புதுக்கோட்டை:-

புதுக்கோட்டை பஸ் நிலையத்தில் மாலை நேரம். ஆலங்குடி வழியாக பேராவூரணி, பட்டுக்கோட்டை செல்லும் புறநகர் பஸ் புறப்படுகிறது. கண்டக்டர் கூவிக் கூவி அழைத்தும் பெண்கள் பலர் ஏறுவதில்லை. "டவுன் பஸ் எப்ப வரும்ணே?" என்பதுதான் அவர்கள் கேள்வி.

சாதாரண கட்டண டவுன் பஸ்சில் பெண்களுக்கு 2021 மே 8-ந்தேதி முதல் டிக்கெட் இல்லை. புறநகர் பஸ், தனியார் பஸ், மினி பஸ்சில் இந்த சலுகை கிடையாது. புறநகர் சாதாரண பஸ்சுக்கு 2018 ஜனவரியில் நிர்ணயித்த கட்டணம் கி.மீட்டருக்கு 58 காசு. ஆலங்குடி சுமார் 20 கி.மீ. என்றால் 12 ரூபாய் ஆகிறது.

போக வர 24 ரூபாய். மாதம் 25 நாள் ஜவுளிக்கடை வேலைக்கு வரும் பெண்ணுக்கு 600 ரூபாய் மிச்சம். ஒரு சிலிண்டருக்கு பெரும்பகுதி தேறிவிடும்! ஆனால் ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் கூடுதலாக நின்றால் மாதம் 25 மணி நேரம் போச்சு. அதாவது மணிக்கு 24 ரூபாய் கூலிக்கு பஸ் நிலையத்தில் நிற்கிறார்.

பயணிகள் எந்த பஸ்சை தேர்வு செய்வார்கள் என்று கணக்கு போடுவது தனி படிப்பு. ஒரே ஊருக்கு பல பஸ் இருந்தால் தனக்கு ஒத்துவரும் சிலவற்றை மனதில் வைத்து, அதில் முதலில் வருவதில் ஏறுவார் என்று 1975-லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டனர். பஸ்சில் உட்கார்ந்து போகும் 1 நிமிடத்தை விட, நின்று காத்திருக்கும் 1 நிமிடத்தை ஏறக்குறைய 2 மடங்காக கணக்கிடுவதும் திட்டமிடுவோர் வழக்கம். கால் கடுக்க நின்றவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டவுன் பஸ் 10 நிமிடத்தில் வரும் என்று தெரிந்தால் நிற்கலாம். 50 நிமிடம் என்றால் 12 ரூபாயை கொடுத்துவிட்டு போகலாம். எப்போது வரும் என்று தெரியாததால்தான் சூதாட்டமாகிறது. அடுத்த டவுன் பஸ் நேரத்தை பலகையில் எழுதி வைத்து, அதன்படி பஸ்சையும் விட்டாலே பாதி பிரச்சினை தீரும்.

இரவு கடை அடைத்த பிறகு நிலைமையே வேறு. இலவசமோ, காசோ, கிடைத்த பஸ்சில் ஏறுகிறார்கள். கண்டக்டர் கையில் உள்ள மெஷினில் 12 ரூபாய் டிக்கெட் ஒன்று பதிவாகும். அந்த பெண் முக்கால் மணி நேரம் டவுன் பஸ்சுக்கு நின்று பார்த்தது அதில் பதிவாகாது.