இரண்டாவது விதை எங்கே?

கரிசல் மண் ஈரம்பட்டால் காலை விடாது. மழை இறங்கிய பின் உழுது விதைப்பது பெரும்பாடு. ஆகவேதான் கோவில்பட்டிச் சீமையின் மானாவாரி விவசாயி புரட்டாசியிலேயே புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறான். அவனுக்கு அறிவியலும் துணை நிற்கிறது. 1901-இல் இங்கே வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தோன்றிவிட்டது. சோள விதையை இரண்டு சதவீதப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைத்தால் வறட்சியைத் தாங்கும் என்கிறார்கள். நல்ல யோசனைதான்.

ஆனால், முதல் மழைக்கு முளைத்த பயிர் அடுத்த மழை வராமல் கருகினால்? எங்கள் உளுந்து ஓராண்டு அப்படித்தான் போயிற்று. மறுவிதைப்புக்கு அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. அதை மீட்பதற்குள் இரண்டு பொங்கல் கடந்துவிட்டன!

மழையும் முன்போல் இல்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2023 டிசம்பரிலோ நம் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது.

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். வேண்டியதுதான். ஆனால் கணக்குப் பார்த்துப் பணம் வருவதற்குள் ஐப்பசி ஓடிவிடும்; மறுவிதைப்பு அதுவரை காத்திருக்குமா?

ஊர்தோறும் கூட்டுறவுச் சங்கக் கிட்டங்கியில் இரண்டாம் விதைப்புக்கென்றே உளுந்து, பாசி, குதிரைவாலி இருப்பு வைக்க வேண்டும் என்பேன். வாங்கியவர் அறுவடையில் சற்றுக் கூடுதலாகத் திருப்பி அளக்கட்டும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் முள்செடி வெட்டுகிறோம். வெட்டிய இடத்திலேயே அது மறுபடி முளைக்கிறது. பேராசிரியப் பெருமக்கள் மனம் வைத்தால், வருகிற தை அறுவடையில் ஒரே ஓர் ஊரிலாவது விதை சேர்க்கத் தொடங்கலாம்.