பார்த்தியாவின் பங்காளிச் சண்டை

கி.பி. 213-ஐ ஒட்டி ரோமானியச் சக்கரவர்த்தி கரகல்லா, செனட் சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். பார்த்தியாவை ஆளும் சகோதரர்கள் அடித்துக்கொள்கிறார்கள், இனி அந்த நாடு உருப்படாது என்று ஒரே குதூகலம். சண்டையை மூட்டிவிட்டதே தான்தான் என்ற பாவனை வேறு. எழுதியவரின் யோக்கியதை? 211-ல் சொந்தத் தம்பியைத் தாயின் கைகளிலேயே வைத்துக் கொல்லச் செய்தவர்.

சண்டை நிஜம்தான். ஐந்தாம் வொலகாசெஸ் இறந்ததும் முடிசூடியவர் மகன் ஆறாம் வொலகாசெஸ். சில ஆண்டுகளில் உடன்பிறந்த அர்தபானுஸ், மீடியாவில் போட்டி அரசரானார். டைக்ரிஸ் கரையில் செலூசியாவின் நாணயச் சாலை ஒருவர் வசம். எக்பதானாவும் சூசாவும் மற்றவர் வசம். மூத்தவருக்கே பட்டம் என்ற கட்டாயம் அங்கே இல்லை. அர்சாகஸ் வம்ச ரத்தம் இருந்தால் போதும்; மிச்சத்தைப் பிரபுக்களின் குதிரைப் படைகள் பார்த்துக்கொள்ளும்.

கரகல்லா, அர்தபானுஸின் மகளைப் பெண் கேட்டார். மறுத்துவிட்டார்கள் என்கிறார் அக்கால வரலாற்றாசிரியர் டியோ காசியஸ். 216-ல் ரோமப் படை ஆர்பேலாவில் பார்த்திய அரசர்களின் கல்லறைகளை உடைத்து எலும்புகளை வாரி இறைத்தது. மறு ஏப்ரலில் கரகல்லாவை அவருடைய ஆளே குத்திக் கொன்றார். நிசிபிஸில் அர்தபானுஸிடம் திணறிய அடுத்த சக்கரவர்த்தி மாக்ரினுஸ், சமாதானத்துக்காகக் கொட்டிக் கொடுத்தது சுமார் 20 கோடி செஸ்டர்ஸ். பாதி ராஜ்யத்தின் பலமே இவ்வளவு!

ஆனால் எமன் வந்தது உள்ளேயிருந்து. தெற்கே பார்ஸ் பகுதியில் அர்தஷீர் என்ற சிற்றரசர், இரண்டு ராஜாக்களும் முறைத்துக்கொண்டிருந்த வேளையில் அக்கம்பக்கத்தை வளைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஷாபூர் என்றொரு சகோதரர் போட்டிக்கு இருந்தார். கட்டடம் இடிந்து விழுந்து அவர் இறந்தாராம். வசதியான கட்டடம்!

224 ஏப்ரல் 28-ல் ஹொர்மோஸ்கான் போர்க்களத்தில் அர்தபானுஸ் வீழ்ந்தார். போட்டியாளர் ஒழிந்தும் வொலகாசெஸுக்கு லாபமில்லை. செலூசியாவில் அவர் பெயரில் நாணயங்கள் 228 வாக்கில் நின்றுபோயின. 470 ஆண்டு பார்த்திய ஆட்சியும் முடிந்தது.

ஈரானின் நக்ஷே ருஸ்தம் பாறையில் அர்தஷீர் தன் வெற்றியைச் செதுக்கி வைத்தார். அவருடைய குதிரையின் குளம்படியில் கிடப்பவர் அர்தபானுஸ். வொலகாசெஸுக்கு அந்தச் சிற்பத்தில் இடமே இல்லை.