பல் பிடுங்க மட்டுமா பல் டொக்டர்?



நாம் பல் டொக்டரிடம் எப்போது போகிறோம்? இரவு தூங்க விடாமல் பல் குத்தினால் மட்டும். பிடுங்கினால் சரி, பிறகு அந்தப் பக்கமே போவதில்லை.

இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்குத்தான். அது பல நேரம் முன்கூட்டியே அடையாளம் காட்டும். உரசினாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாமை. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலிக்கவில்லையே என்று இருப்பதுதான் நாம் ஏமாறும் இடம். நாக்கைத் தூக்கி, கன்னத்தின் உட்பக்கம் பார்த்து இதைக் கண்டுபிடிக்கப் படித்தவர் பல் டொக்டர்.

"புகையிலை போடுறல்ல, வெறும் பாக்குத்தான்" என்று வாதாடும் மாமாமார் கவனிக்க: பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இலேயே சொல்லிவிட்டது. நாமோ கலியாண வீட்டில் வெற்றிலைத் தட்டம் நீட்டுவதை மரியாதை என்கிறோம்!

அரச ஆஸ்பத்திரியில் காசில்லாமல் பார்க்கிறார்கள். இரத்ததான முகாம் நடத்தும் நம் சங்கங்களுக்கு வாய்ப் பரிசோதனை முகாம் நடத்த என்ன தடை? டொக்டர்மாரே, வரிசை நீளம்தான். ஆனாலும் வலிக்கும் பல்லோடு நிறுத்தாமல் முழு வாயையும் ஒருமுறை பாருங்கள்.

வெற்றிலை போடும் உம்மா, வாப்பாவை இந்த வாரமே கூட்டிப் போவோம். "வாயை முழுசாப் பாருங்க டொக்டர்" என்று வாய்விட்டுக் கேட்போம். பிறகு மஹரகமவுக்கு அலைவதை விட, நம்மூர் ஆஸ்பத்திரியில் ஒரு காலை காத்திருப்பது லேசு.