கெமராவோடு சென்ற ஹாஜி



பிரயாணத்தை அரபியில் 'ஸபர்' என்போம். மூடியிருப்பதைத் திறந்து காட்டுதல் என்ற கருத்து அந்த வேர்ச் சொல்லில் இருக்கிறது. மனிதனுக்குள் மறைந்து கிடக்கும் குணங்களை வெளியே கொண்டு வருவதால்தான் அதற்கு அப்பெயர் வந்தது என்று நம் இமாம்கள் விளக்கம் சொல்வர். ஒருவருக்கு நற்சான்று கூற வந்த மனிதரிடம் உமர் (ரழி) அவர்கள், "அவரோடு பிரயாணம் செய்திருக்கிறீரா?" என்ற கருத்தில் கேட்டதாக வரும் செய்தியும் இதையே உணர்த்துகிறது.

பிரயாணம் போகிறவரின் குணத்தை மட்டுமல்ல, அவர் திரும்பி வந்து சொல்லும் செய்தியின் தரத்தையும் அதே பிரயாணம் காட்டிக் கொடுத்து விடுகிறது. இதற்கு உதாரணமாக, கண்டதைச் சொல்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு தொலைக்காட்சித் தயாரிப்பாளரைப் பற்றி இம்மாதம் பார்ப்போம்.

அவர் பெயர் மைக்கல் வுல்ஃப். 1945இல் அமெரிக்காவில் பிறந்தவர். தந்தை யூதர், தாய் கிறிஸ்தவர். கவிதை எழுதுவதும் புத்தகம் பதிப்பிப்பதுமாக இருந்தவர். ஆபிரிக்க நாடுகளில் அவர் வாழ்ந்த காலம் அவருடைய உள்ளத்தில் ஒரு கேள்வியை விதைத்தது. நிறத்தை வைத்து மனிதனை எடை போடும் சமூகத்தில் வளர்ந்த அவர், அங்குள்ள முஸ்லிம்கள் தம்மை நிறத்தை வைத்துப் பார்க்கவில்லை என்பதைக் கண்டார். அடியானுக்கும் இறைவனுக்கும் இடையில் பாதிரியார் தேவைப்படாத மார்க்கமும் அவரைக் கவர்ந்தது. இஸ்லாத்தை ஏற்றார்.

1990இல் அவர் முதன் முதலாக ஹஜ்ஜுக்குப் போனார். நேராக மக்காவுக்கு விமானம் ஏறவில்லை. அதற்கு முன் மொறோக்கோவில் தங்கினார். றமழானை அந்த மக்களோடு கழித்தார். அங்குள்ளவர்கள் எப்படி நோன்பு நோற்கிறார்கள், எப்படி விருந்தாளியை உபசரிக்கிறார்கள் என்று பார்த்துப் பழகிய பின்னரே மக்காவுக்குச் சென்றார். அந்த அனுபவங்களை 1993இல் நூலாக வெளியிட்டார்.

அதன் பின்னர் 1997இல் ஒரு பொறுப்பு அவரைத் தேடி வந்தது. அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 'நைட்லைன்' என்ற பிரபலமான செய்தி நிகழ்ச்சி உண்டு. ஹஜ்ஜைப் பற்றி அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்றை மக்காவிலிருந்து தருவதற்கு அவர்கள் விரும்பினார்கள். முஸ்லிமல்லாதோர் மக்காவுக்குள் செல்ல முடியாதல்லவா? ஆகவே வுல்ஃப் ஒரே நேரத்தில் ஹாஜியாகவும் செய்தியாளராகவும் போனார்.

அந்த வருடம் ஏப்ரல் 15ஆம் திகதி மினாவில் என்ன நடந்தது என்பது உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். கூடாரங்களில் தீ பரவி 343 ஹாஜிகள் மரணமடைந்தார்கள். (அவர்கள் அனைவரையும் அல்லாஹ் பொருந்திக் கொள்வானாக.) அதன் பின்னரே மினாவில் தீப்பிடிக்காத கூடாரங்கள் அமைக்கப்பட்டன. கூடாரத்துக்குள் காஸ் அடுப்பில் சமைப்பதும் தடை செய்யப்பட்டது.

மூன்று நாட்களின் பின், ஏப்ரல் 18ஆம் திகதி, வுல்ஃபின் நிகழ்ச்சி ஒளிபரப்பாகியது. அந்த வாரம் தீயின் செய்தி மட்டும் போயிருந்தால், ஹஜ் என்றாலே நெருப்பும் நெரிசலும்தான் என்று அமெரிக்கர்கள் முடிவு கட்டியிருப்பார்கள். ஆனால் ஹஜ் என்றால் என்ன என்பதை, இஹ்ராம் உடுத்த ஒரு அமெரிக்கரின் வாயாலேயே இலட்சக்கணக்கான வீடுகள் கேட்டன.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். இபாதத்துக்குப் போன இடத்தில் தொழில் பார்க்கலாமா? இதற்கு ஸூரத்துல் பகராவின் 198ஆம் வசனத்தில் வழி இருக்கிறது. ஹஜ் காலத்தில் வியாபாரம் செய்வது பாவமாகுமோ என்று மக்கள் அஞ்சியபோது, இரட்சகனின் அருளைத் தேடுவது குற்றமல்ல என்ற கருத்தில் அது இறங்கியதாக இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். நிய்யத்தும் கடமையும் பழுதாகாத வரை ஹலாலான தொழிலுக்குத் தடையில்லை.

சகோதரிகளே! இந்த வரலாற்றை நான் சொல்வதற்குக் காரணமுண்டு. இன்று நம் ஒவ்வொருவரின் கையிலும் கெமரா இருக்கிறது. உம்றாவுக்குப் போகும் உம்மாவும் வாப்பாவும்கூட ஒரு வகையில் தயாரிப்பாளர்களாகி விட்டார்கள். தவாபின் நடுவில் தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடப்போர் எத்தனை பேர்! துஆவில் அழும்போது அந்தக் கண்ணீரையும் படம் பிடித்து ஊருக்கு அனுப்புவோர் எத்தனை பேர்! அது ரியா எனும் முகஸ்துதியின் வாசல் என்பதை மறந்து விடலாகாது. வீட்டிலிருக்கும் நாமும் இதில் பங்காளிகள்தான். "கஃபாவைக் காட்டுங்க, எங்களையும் பார்க்க விடுங்க" என்று தவாபு செய்பவரை நாம்தானே தொந்தரவு செய்கிறோம்? அவர் தவாபை முடித்து, இரண்டு ரக்அத்தும் தொழுது விட்டுப் பேசட்டுமே.

படம் எடுப்பதிலும் ஒழுக்கம் உண்டு. மினாவில் களைத்துத் தூங்குபவர், வுழூச் செய்யும் பெண், நோயாளி ஆகியோரின் மானம் நம்மிடம் ஓர் அமானிதம். அவர்களின் அனுமதியின்றி அவர்களைப் பிறருக்குக் காட்ட நமக்கு உரிமையில்லை. ஏதேனும் விபத்துச் செய்தி காதில் விழுந்தால், உறுதிப்படுத்தாமல் அனுப்பக் கூடாது. செய்தியைத் தெளிவுபடுத்திக் கொள்ளுமாறு ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. ஒரு பொய்ச் செய்தி, ஹாஜியை அனுப்பி விட்டுக் காத்திருக்கும் ஒரு குடும்பத்தின் உயிரையே உருக்கி விடும்.

பிரயாணச் செய்தி என்றால் புகழ்ச்சி மட்டுந்தான் என்பதுமில்லை. வுல்ஃப் தொகுத்த இன்னொரு நூல், பத்து நூற்றாண்டுகளாக ஹஜ் செய்தோர் எழுதி வைத்த குறிப்புகளைக் கொண்டது. நம் நாட்டுக்கும் வந்து பாவா ஆதம் மலையில் ஏறிய இப்னு பதூதா அதில் இருக்கிறார். பெண்களும் இருக்கிறார்கள். இந்தியாவின் போபாலை ஆண்ட ஸிகந்தர் பேகம் 1864இல் ஹஜ் செய்தார். தாம் கண்ட நகரங்களின் அசுத்தத்தையும் நிர்வாகக் குறைகளையும் ஒளிக்காமல் எழுதினார். பிரித்தானியாவின் ஈவ்லின் கொபோல்ட் அம்மையார் 1933இல் ஹஜ் செய்து அடுத்த வருடம் நூல் எழுதினார். புனித பூமியின் மீதிருந்த அன்பு ஸிகந்தர் பேகத்தை உண்மை பேசுவதிலிருந்து தடுக்கவில்லை.

இதைச் சொல்லும்போது நம் ஊர்ப் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஸஊதியிலும் குவைத்திலும் வருடக் கணக்கில் வீட்டு வேலை செய்து விட்டு வருகிறார்களே, அவர்களும் தூர தேசம் கண்ட பிரயாணிகள்தாம். பிறர் வீட்டுச் சமையலறையில் நின்று உலகத்தைப் பார்த்தவர்கள். அவர்கள் வந்திறங்கியதும் "என்ன கொண்டு வந்தீங்க?" என்று கேட்கிறோம். "என்ன கண்டீங்க? எப்படி இருந்தீங்க?" என்று எத்தனை பேர் கேட்கிறோம்? ஒருத்திக்கு அங்கே உம்மாவைப் போன்ற எஜமானி கிடைத்திருக்கலாம். இன்னொருத்திக்குச் சம்பளமும் தூக்கமும் மறுக்கப்பட்டிருக்கலாம். இரண்டும் உண்மை. கேட்க ஆளில்லாததால் இரண்டும் அவர்களின் நெஞ்சுக்குள்ளேயே அடங்கி விடுகின்றன. நாளை அதே வழியில் தன் மகளை அனுப்ப நினைக்கும் தாய்க்கு அந்த உண்மை அவசியமில்லையா?

ஆகவே, உங்கள் வீட்டிலிருந்து யாராவது பிரயாணம் புறப்பட்டால் இதைச் சொல்லியனுப்புங்கள்: முதலில் கண்ணால் பாருங்கள். அந்த மக்களோடு பழகி விளங்கிக் கொள்ளுங்கள். கெமராவை அதற்குப் பிறகு எடுங்கள். அவர் திரும்பி வந்ததும், பெட்டியைத் திறப்பதற்கு முன் அவர் வாய் திறந்து பேச இடம் கொடுங்கள்.

பிரயாணிகள் அனைவரையும் அல்லாஹ் ஸலாமத்தாகத் தத்தம் வீடுகளுக்குக் கொண்டு வந்து சேர்ப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.