காது கணக்குச் சொல்லாது!



போன செமஸ்டரில் ஒரு நாள் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். புதுச்சத்திரம் தாண்டியதும் ஒரு டீசல் டாக்ஸி சர்ரென்று எங்களை ஓவர்டேக் செய்தது. பின்னாலேயே கரும்புகை! பக்கத்து சீட்டு நண்பன் உடனே, "பாத்தியா மச்சான், டியூன் பண்ண வண்டி. செம பவர்!" என்றான். ஆட்டோமொபைல் படிக்கிற நாமே புகையைப் பார்த்துப் பவர் என்று சொன்னால், மற்றவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

புகை பவர் அல்ல. காசு கொடுத்து வாங்கிய டீசல், காற்று போதாமல் அரைகுறையாக எரிந்து கரியாக வெளியே போகிறது. அவ்வளவுதான்!

சுவிட்சர்லாந்து எஞ்சினியர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-ல் டர்போவுக்குப் பேட்டன்ட் வாங்கினார். வீணாகப் போகும் எக்ஸாஸ்ட் வாயுவால் டர்பைனைச் சுற்றி, அதே சுற்றில் சிலிண்டருக்குள் அதிகக் காற்றைத் திணிப்பதுதான் அதன் வேலை. காற்று கூடினால்தான் கூடுதல் எரிபொருளை எரிக்க முடியும். ஆக, முதலில் காற்று, பிறகுதான் எரிபொருள். இந்த வரிசையை மாற்றினால் வம்புதான்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இது பரீட்சைக்குப் படித்தது. ஆனால் டர்போ பெட்ரோல் எஞ்சினில் ஃபுல் பூஸ்டில் டியூன் செய்பவர்கள் பெரும்பாலும் 11.5-லிருந்து 12.5 வரைதான் வைப்பார்கள். ஏன் இந்த வீண்செலவு? கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே சூட்டைக் குறைக்கிறது, நாக்கிங்கைத் தடுக்கிறது. அதே பூஸ்டில் கலவை லீன் ஆனால், சில வினாடி போதும், பிஸ்டன் தலை உருகிவிடும்.

டீசலில் கதை தலைகீழ்! ஐடிலிங்கில் ஒரு பங்கு டீசலுக்கு 60 பங்குக்கு மேல்கூடக் காற்று இருக்கும். லோடு ஏற ஏற அது குறைந்து, 20-க்கும் கீழே இறங்க ஆரம்பித்தால் புகை தலைகாட்டும். இங்கே கூடுதல் எரிபொருள் என்றால் கூடுதல் சூடு. பெட்ரோலில் காப்பாற்றுவது, டீசலில் கொல்கிறது!

எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் கடன் வாங்கி டாக்ஸி ஓட்டுகிறார். "பவரும் கூடும், மைலேஜும் கூடும்" என்று சொல்லி ஒரு கடையில் 'டியூனிங் பாக்ஸ்' மாட்டிவிட்டார்கள். அந்தப் பெட்டி, ரெயிலில் பிரஷர் குறைவு என்று ஈ.சி.யூ.விடம் பொய் சொல்லும். அதை நம்பி ஈ.சி.யூ. பிரஷரை ஏற்றும், டீசல் கூடும். காற்று? அது பழைய அளவேதான்! "மீட்டர் வச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டதற்கு, "எனக்கு எதுக்குத் தம்பி மீட்டர், காதாலயே சொல்லிடுவேன்" என்றாராம் கடைக்காரர். ஆறே மாதத்தில் டர்போ போய்விட்டது. வண்டி ஷெட்டில் நின்றது. மாதத் தவணை மட்டும் நிற்கவில்லை.

மூத்த மெக்கானிக்குகளை நான் குறைத்துப் பேசவில்லை. அம்பாசடர் கார்ப்பரேட்டரைக் காதாலும், பிளக்கின் நிறத்தாலும் சரியாக செட் செய்த கைகள் அவை. அந்த எஞ்சின்கள் சின்னத் தவறை மன்னித்தன. டர்போ எஞ்சின் மன்னிக்காது. ஃபுல் பூஸ்டில் கலவை 11.8-ஆ, 13.5-ஆ என்று எந்தக் காதுக்கும் தெரியாது. நாக்கிங் காதில் விழும்போது பாதி சேதம் முடிந்திருக்கும்.

காரில் உள்ள சாதாரண ஆக்சிஜன் சென்சாரும் இதற்குப் போதாது. அது 14.7-க்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்றுதான் சொல்லும். எவ்வளவு தூரம் என்று சொல்ல 'வைடுபேண்ட்' சென்சார் வேண்டும். இப்போது எத்தனால் வேறு! 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்குத் தேவையான காற்று 14.7 அல்ல, சுமார் 13.5. சுத்தப் பெட்ரோலுக்கு எழுதிய மேப்பை எங்கிருந்தோ வாங்கி அப்படியே ஏற்றினால், பூஸ்டில் கலவை நாம் நினைத்ததைவிட லீனாகத்தான் இருக்கும்.

நாளைக்கு இந்த வேலைக்குப் போகப் போவது நாம்தான். அதனால் நமது சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. ஆண்டு விழாவுக்கு லைட் செட்டு கேட்கிறோம், ஆர்கெஸ்ட்ரா கேட்கிறோம். இந்த வருஷம் ஆட்டோமொபைல் லேபுக்கு ஒரு வைடுபேண்ட் மீட்டர், டீசலுக்கு ஒரு ஸ்மோக் மீட்டர், எக்ஸாஸ்ட் சூட்டை அளக்க ஒரு கேஜ், இந்த மூன்றையும் நிர்வாகத்திடம் கேட்போம். வெட்டி வைத்த எஞ்சினைப் பார்த்துப் படம் வரைந்தது போதும்!

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். எஞ்சினுக்கு அளவு குறைந்தாலும் நஞ்சுதான். அந்த அளவை அளக்கத் தெரிந்தவன்தான் டிப்ளமோ படித்தவன்.

அளந்து பார்ப்போம்! பிறகு கை வைப்போம்!

- மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன்